நடுப்பலகை

என் நியாயத்தை ஒருநாளும் காது கொடுத்துக் கேட்காத ஒரே மனுஷி அவள்தான். கேட்க வைக்க நான் படாத பாடு பட்டேன். அவள் அசையவில்லை. அதற்காகவே இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் அவளுக்காகத் துஆ கேட்கிறேன்.

லிட்கமில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த பழைய செங்கல் ஃபிளாட்டில் எங்கள் கதவுக்கு எதிர்க் கதவு அவளுடையது. குடிவந்த கொஞ்ச நாளிலேயே தீயணைப்பு வண்டியை வரவழைத்தாள். தேங்காயைக் கரியாகும்வரை சுட்டு, அரைத்து, மாட்டிறைச்சியில் போட்டு ஒரு கறுப்புச் சூப்பு வைப்பது அவள் ஊர் வழக்கம். எங்கள் கட்டடத்துப் புகை அலாரத்துக்கு அந்த வழக்கம் தெரியாது. அது அலறிய அலறலில், குளித்தவர், தூங்கியவர், தொழுதுகொண்டிருந்தவர் எல்லாரும் கார் நிறுத்துமிடத்தில் வந்து நின்றோம். கடைசியாக அவள் வந்தாள், இரண்டு துவாய்களால் சட்டியைப் பிடித்துக்கொண்டு.

"மன்னிச்சுக் கொள்ளுங்க. ஆனா சூப்பு நல்லா வந்திருக்கு," என்றாள்.

அவள் பேசியது இங்கிலீஷ்தான். நான் நினைக்கும்போது அவள் எங்கள் பேச்சில் பேசுகிறாள். அப்படியே எழுதுகிறேன்.

தென் பிலிப்பைன்ஸில் தாவி-தாவி என்ற மாகாணம் அவளுடைய ஊர். பெயரைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். எங்கள் மொழியில் அது தவளை போகிற மாதிரிப் போவது என்று நடித்துக் காட்டினேன். தீவு தீவாகப் போகிற ஊருக்கு அது சரியான பெயர்தான் என்று அவளும் சிரித்தாள். ஃபோனில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். நாட்டின் ஆகக் கீழ் மூலை. மணிலா எங்கேயோ மேலே கிடந்தது. போர்னியோதான் பக்கத்து வீடு. அவளுடைய சனம் சாமா இனம், கடலோடு பிறந்து கடலோடு வளர்ந்த முஸ்லிம்கள். மலைக்குன்று ஒன்று இருக்கிறதாம், மேலே பெரியார்களின் அடக்கத்தலம், வழியெல்லாம் குரங்குகள். ஸியாரத்துக்குப் போகிறவர்கள் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொண்டு போகாவிட்டால் மரியாதைக் குறைவாம்.

சிட்னியில் அவளுக்கு எந்தப் பக்கமும் முழுதாக ஒட்டவில்லை. பிலிப்பைன்ஸ்காரர்களின் விருந்துக்குப் போனால், "நீ ஏன் பன்றி தின்பதில்லை?" என்று கேட்பார்கள். ஓபர்ன் பள்ளிவாசலுக்குப் போனால், "எப்போது இஸ்லாத்துக்கு வந்தாய்?" என்று அன்பாகக் கேட்பார்கள். அவளுடைய பாட்டனின் பாட்டனுக்கு முந்தியே வந்தாயிற்று என்று சொல்லிச் சொல்லிக் களைத்து, பிறகு "கொஞ்ச நாளாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவாள்.

எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டாள். மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்து ஆவியில் அவித்து அவள் கொண்டுவந்தபோது, அதற்கு அவர்கள் ஊரிலும் புட்டு என்றுதான் பெயர் என்று தெரிந்து நான் அன்றைக்கே அவளைச் சொந்தக்காரி ஆக்கிவிட்டேன். அத்தை முறையில் உள்ளவளை அங்கே பாபு என்பார்களாம். என் பிள்ளைகள் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். "பாபு வாறா" என்று பிள்ளைகள் கத்தினால், வீட்டுக்கு வந்திருக்கும் எங்கள் ஊர் மன்னார்ப் பெண்கள் யாரோ ஓர் ஆம்பிளை வருகிறார் என்று அவசரமாக முக்காட்டை இழுத்து விடுவார்கள்.

முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை. ஆனால் அவளுடைய உண்மையான தொழில் வேறு. பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு பேர் தன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அதை முதலில் அனுபவித்தது நான்தான். கீழ் வீட்டு லெபனான் பெண்ணுக்கும் எனக்கும் பின் முற்றத்துத் துணிக்கொடி விஷயத்தில் கதை முறிந்து கிடந்த காலம். ஒரு சனிக்கிழமை எதிர்க் கதவுக்காரி கூப்பிட்டாள். "சிஸ்டர், கை நோகுது. இந்தப் போர்வையைப் பிழிய ஒரு கை தா." இறங்கிப் போனால், நனைந்து கனத்துக் கிடந்த பெரிய போர்வையின் ஒரு நுனி என் கையில், மறு நுனி லெபனான்காரியின் கையில். கூப்பிட்டவளைக் காணோம். போர்வையைக் கீழே போட்டால் மண்ணாகிவிடும். நான் ஒரு பக்கம் முறுக்க, லெபனான்காரி மறுபக்கம் முறுக்க, எங்கள் கோபத்தையெல்லாம் சேர்த்து முறுக்கியதில் போர்வை ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லாமல் பிழிந்துபோனது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. லெபனான்காரிதான் முதலில் சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் மூன்று கோப்பைத் தேநீரோடு அவள் உட்கார்ந்திருந்தாள், கையில் எந்த நோவும் இல்லாமல்.

"இது எங்க பழகின வேலை?" என்று பிறகு கேட்டேன்.

"எங்கட ஊர் வீடெல்லாம் கடலுக்கு மேல," என்றாள். "தூண்ல நிக்கும். வீட்டுக்கு வீடு போக நடுவில பலகை. ரெண்டு வீடு கோவிச்சுக்கொண்டா முதல் செய்யிற வேலை அந்த நடுப்பலகையைத் தூக்கிப் போடுறது. பிறகு பக்கத்து வீட்டில உப்பு வாங்கவும் தோணி எடுக்கணும். கோவிச்ச ஆள் பலகையைத் திரும்பப் போட மாட்டார், வெக்கம். மற்றவருக்கும் வெக்கம். மூண்டாவது ஆள்தான் போடணும்."

அப்படிப் போடுவதற்கு அவர்களிடம் ஒரு சடங்கும் உண்டு. அவள் சொன்ன பெயர் கிபாரத். நம் கப்பாராதான், பரிகாரம். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, ஒரு சட்டித் தண்ணீரில் இரண்டு பேரின் கையையும் வைக்கச் செய்து, துஆ ஓதி, அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்து, ஒரே தட்டில் சாப்பிட வைப்பது அவள் வீட்டு முறை. பக்கத்துத் தீவில் வேறு மாதிரியாம். ஆனால் எங்கே செய்தாலும் பலகை போடுகிற ஆள் ஏன் சண்டை என்று கேட்கக் கூடாது என்று அவளுடைய உம்மா சொல்லிக் கொடுத்திருந்தார்.

அந்த விதியை அவள் பிடித்த பிடி எனக்கு எரிச்சல் மூட்டும். யாராவது "அவ என்ன செய்தா தெரியுமா" என்று தொடங்கினால் போதும், உடனே ஏதோ ஒரு பாட்டை முனகத் தொடங்குவாள். விடாமல் சொன்னால், தட்டில் இருப்பதை எடுத்துச் சொல்கிறவளின் வாயில் வைத்துவிடுவாள். "நான் கேட்டா ஒரு பக்கம் சாய்வன்," என்பாள். "சாஞ்ச பலகையில ஆர் நடக்கிற?"

இப்படியே எழுதிக்கொண்டு போனால் அவளை ஒரு வலியுல்லாவாக, மகானாக ஆக்கிவிடுவேன். அவள் அப்படியில்லை. ஒருமுறை பெரிய பிழை விட்டாள்.

பள்ளிவாசலில் பழக்கமான ஓர் இளம் தாய். கைக்குழந்தையோடு கணவனைப் பிரிந்து தனியாக இருந்தாள். அந்தக் கணவன் பள்ளிவாசல் முற்றத்தில் எங்கள் ஆளிடம் அழுதிருக்கிறான். இவளுக்கு அழுகையைக் கண்டால் போதாதா? வழக்கம்போல ஏன் என்று கேட்காமல், இரண்டு பேரையும் தனித்தனியாகத் தேநீருக்கு அழைத்துவிட்டாள். அந்தப் பெண் படியேறி வந்து, கதவுக்கு வெளியே அவனுடைய சப்பாத்தைக் கண்டாள். கண்ட அடுத்த நொடி குழந்தையை இறுக்கிக்கொண்டு கீழே ஓடினாள். சத்தம் கேட்டு நான் இறங்கிப் போனபோது குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றாள். குழந்தையின் வாயைக் கையால் பொத்தியிருந்தாள், அழுகைச் சத்தம் மேலே கேட்டுவிடக் கூடாதென்று.

எங்கள் ஆள் வந்து அதைப் பார்த்தாள். மேலே போய் அவனை வெளியே அனுப்பினாள். அந்தக் கட்டையான உருவத்திலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைத்ததேயில்லை. அவன் தெரு முனை தாண்டும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, கீழே வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு பல நாள் எங்கள் ஆள் யாரையும் பார்க்கவில்லை. நான் புட்டும் கறியும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். கதிரையில் இருந்து ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்கட ஊரில ஏன் கேட்கிறேல்ல தெரியுமா? கேட்கத் தேவையில்ல. சுவரெல்லாம் ஓலை. ஒருத்தன் வீட்டில அடிச்சா நாலு வீட்டுக்குக் கேட்கும். அடிவாங்கினவளை அவட சகோதரன்மார் தோணியில வந்து கூட்டிக்கொண்டு போயிடுவாங்க. கிபாரத் வைக்கிற ஆளுக்கு எல்லாம் முதலே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கேட்கிறேல்ல. இங்க சுவரெல்லாம் செங்கல், சிஸ்டர். நான் செங்கலை மறந்து போனன்."

அன்றைக்குப் பிறகு அவள் தன் உம்மாவின் விதியில் ஒரேயொரு திருத்தம் செய்தாள். காரணத்தை இப்போதும் கேட்கமாட்டாள். ஆனால் முதலில் ஒரு கேள்வி கேட்பாள்: "பயமா, கோவமா?" பயம் என்றால், மற்ற ஆள் வலியுல்லாவாகவே இருந்தாலும் அவள் பலகை போடமாட்டாள். அந்த இளம் தாய் வேறு இடத்துக்கு வீடு மாறிய நாளில் பெட்டி தூக்கியது அவள்தான்.

அந்தக் கேள்வி ஒருநாள் என்னிடமும் வந்தது.

மெல்பன் பக்கத்து வெரிபீயில் எனக்கு ஒரு நானா இருக்கிறார். கூடப்பிறந்த ஒரே அண்ணன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரை விட்டு உடுத்த உடையோடு புத்தளம் வரைக்கும் என்னைத் தோளில் சுமந்தவர். அவருக்கும் எனக்கும் பேச்சு நின்று ஆண்டுகள் ஓடிவிட்டன. ஏன் என்று சொல்வதற்கு எனக்கு வாய் துறுதுறுக்கிறது. நியாயம் முழுக்க என் பக்கம்; எந்தக் கோர்ட்டிலும் நான் வெல்வேன். வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு என்னைச் சின்ன வயதில் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்வதில்லை.

நானாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. அவளும் என் மகளும் ஃபோனில் எந்த நாளும் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், பெரியவர்களின் சண்டை அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. பெண்ணுக்கு முதல் மருதோன்றியை வாப்பாவோடு கூடப்பிறந்த மாமிதான் வைப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். "மாமி வருவாவா?" என்று அந்தப் பிள்ளை என் மகளிடம் கேட்டிருக்கிறாள். என் மகள் அதை என்னிடம் கேட்டபோது எங்கள் ஆளும் பக்கத்தில் இருந்தாள்.

"அவர் கூப்பிடட்டும்," என்றேன்.

"அவட டாட் கூப்பிடமாட்டாராம். ஷி இஸ் க்ரையிங், உம்மா."

நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். எங்கள் ஆள் பின்னாலேயே வந்தாள். "நானாவுக்கு நீ பயமா, கோவமா?"

"பயமா? அவருக்கா? கோவம். ஏனெண்டு கேள், சொல்றன்—"

மேசையில் இருந்த வாழைப்பழத்தில் பாதி என் வாய்க்குள் இருந்தது.

இரண்டு மூன்று வாரம் கழித்து, வெரிபீயில் இருக்கும் தன் மச்சாளுக்கு ஒரு பெரிய சட்டி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பிளேனில் ஏற்ற முடியாது, காரில் கொண்டுபோவாயா என்று கேட்டாள். வெரிபீ என்றதும் எனக்குப் பொறி தட்டியது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். அவளுக்கு அங்கே மச்சாள் இருப்பதும் உண்மை. நானா அங்கே புது எஸ்டேட் ஒன்றில் வீடு கட்டிப் போனது எனக்குத் தெரியும், தெரு தெரியாது. தெரியாதவரைக்கும் நான் போவது மச்சாள் வீட்டுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு முழுப் பகலும் ஹியூம் ஹைவேயில் காரை ஓட்டினேன். அவள் பக்கத்து சீட்டில், சட்டி பின்னால். இரண்டு பக்கமும் பிடி வைத்த, கலியாணச் சமையலுக்கான அலுமினியச் சட்டி. அதற்குள் அவள் வழியில் ஆறிவிடாமல் துணி சுற்றி எதையோ வைத்திருந்தாள்.

வெரிபீயில் எல்லாத் தெருவும் ஒரே தெரு, எல்லா வீடும் ஒரே வீடு. அவள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். கதவு திறந்தது. சாரமும் பெனியனுமாக நானா வெளியே வந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை.

நான் சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். திருப்பிக்கொண்டு போய்விடுவது என்று நினைத்தேன், சத்தியமாக. நானாவும் வாசலில் நின்ற இடத்திலேயே நின்றார். எங்கள் வீட்டுப் பிடிவாதம் இரண்டு பேருக்கும் பங்கு வைத்துக் கிடைத்தது.

அவள் இறங்கி என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். குனிந்து, மெதுவாகச் சொன்னாள். "நான் போன மாசமே இவரோட கதைச்சிட்டன். என்ன சண்டையெண்டு நான் கேட்கேல்ல. ஆனா அவராவே சொன்னார், உன்ர பக்கம்தான் சரியாம். கூப்பிட வெக்கமாம்."

எனக்குள் எதுவோ கழன்றது. இத்தனை வருடம் நான் காத்திருந்த தீர்ப்பு அது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

அவள் அதற்குள் பின்கதவைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு முனகினாள். "என்ர முதுகு ஏலாது. ரெண்டு பேரும் ஒரு கை குடுங்க."

சட்டியின் ஒரு பிடி என் கையில். மறு பிடியை நானா பிடித்தார். ஒருவரை ஒருவர் பார்க்காமல் தூக்கினோம். நல்ல கனம். நான் பின்பக்கமாக நடக்க வேண்டியிருந்தது. வாசலுக்கு வந்ததும் நானா சொன்னார்.

"புள்ள, மெல்ல. படி இருக்கு."

அவ்வளவுதான். புத்தளம் போகும் பாதையில் பள்ளம் வரும்போதெல்லாம் அவர் சொன்ன அதே குரல். சட்டியைக் குசினியில் இறக்கி வைக்கும்போது எனக்குக் கண் தெரியவில்லை. நானா துவாயை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்தார், பிறகு அதே துவாயை என்னிடம் தந்தார்.

சட்டிக்குள் புட்டும் அந்தக் கறுப்புச் சூப்பும் இருந்தன. அவள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, எங்கள் கைகளை அதில் வைக்கச் சொல்லி, நானாவையே ஓதச் சொன்னாள். தலையில் தெளித்தாள். மதனி சகன் தட்டை எடுத்துவந்தாள். கலியாண வீட்டில் ஐந்து பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவது எங்களுக்குப் பழக்கம்தானே. அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் இருந்தோம். சாமாக்காரரின் கிபாரத் மன்னார்ச் சகனில் முடிந்தது. அடுத்த மாதம் நான் மருமகளின் உள்ளங்கையில் மருதோன்றி வைத்தேன். என் பக்கத்திலிருந்து கிண்ணம் பிடித்தவள் அவள்.

தன் அக்காவுக்கு உடம்பு ஏலாமல் போனதால் அவள் ஊருக்கே திரும்பிவிட்டாள். விமான நிலையத்தில், "இப்பவாவது கேளு, ஏன் சண்டை எண்டு," என்றேன். ஒரு பாட்டை முனகிக்கொண்டே உள்ளே போனாள். எப்போதாவது குரல் செய்தி வரும். பின்னணியில் தண்ணீர் சத்தமும் பலகையில் ஆள் நடக்கும் சத்தமும் கேட்கும்.

போன பெருநாளுக்கு நானா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு, பிளேன்டீ குடித்துக்கொண்டு, ஒரு பெரிய மனதோடு சொன்னார். "உண்மையில நீதான் முதல்ல இறங்கி வந்தாய் புள்ள. நான் அதை மறக்கமாட்டன்."

"நான் எங்க இறங்கி வந்த?"

"உன்ர கூட்டாளி சொன்னாவே. நான் வாசலுக்கு வர முதல் ஃபோனில. என்ர பக்கம்தான் சரியெண்டு நீயே சொன்னியாம். சொல்ல வெக்கப்பட்டியாம்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "நீங்கதான் அப்பிடிச் சொன்ன எண்டு எனக்குச் சொன்னா."

"நானா? நான் அப்பிடிச் சொல்லவேயில்ல!"

"நானும் சொல்லேல்ல!"

இத்தனை வருடத்துச் சண்டை, ஒரு மடிப்பும் கலையாமல், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மேசைமேல் திரும்ப வந்து உட்கார்ந்தது. நியாயம் இன்னும் என் பக்கம்தான் இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தால் அவர் பக்கமும் இருந்ததுபோலத் தெரிந்தது. யாராவது ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்தது.

நானாதான் முதலில் சிரித்தார். தோள் குலுங்க, தாடி குலுங்க, பிளேன்டீ சாரத்தில் சிந்தும்வரை சிரித்தார். "என்ன சண்டையெண்டே கேட்காம தீர்ப்புச் சொல்லியிருக்கிறா, அதுவும் ரெண்டு தீர்ப்பு," என்றார். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்தபோது, சொல்ல வைத்திருந்த நியாயத்தைத் தேடினேன். இருந்தது, ஆனால் எழும்பி எடுத்துவரச் சோம்பலாக, பஞ்சியாக இருந்தது. நானாவுக்கு இன்னொரு பிளேன்டீ ஊற்றினேன்.

அவள் எங்கள் இரண்டு பேரிடமும் பொய் சொன்னாள். யா அல்லாஹ், அந்தப் பொய்க்கு அவளுக்கு நிறையக் கூலி கொடு.